"ரிசைல்னா என்ன சார்?"

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை டிபன் முடித்துவிட்டு, லீவு நாள் சோம்பலில் சோபாவில் சாய்ந்திருந்தேன். புஜைராவிலிருந்து சந்தானம் போன் செய்தார்.

சந்தானம் முன்பு இங்கே துபாயில் என்னோடு வேலை பார்த்தவர். திருச்சிக்காரர். இப்போது மலைக்கு அந்தப் பக்கம், புஜைரா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட்.

"சார், நீங்க எழுதறவர்... 'ரிசைல்'னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கா? ரிசைன் தெரியும், ரீசைக்கிள் தெரியும். இது என்ன?"

வார்த்தை என்றால் எனக்குச் சொல்லவும் வேண்டுமா? எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"லத்தீன் சார் அது. 'ரி' என்றால் பின்னால். 'சலிரே' என்றால் குதிப்பது. பின்னால் குதிப்பது! அடி வாங்கினாலும் பந்து மாதிரி எகிறி எழுகிறவனை 'ரெஸிலியன்ட்' என்கிறோமே, அது இதன் கூடப்பிறப்பு. 'இன்சல்ட்'கூட பங்காளி முறைதான் — மேலே பாய்வது..."

"அப்ப நல்ல வார்த்தைதானே சார்?" குரலில் ஒரு தெம்பு.

"அதுதான் இல்லை. ரெஸிலியன்ட் நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டது, ரிசைல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. ஒப்புக்கொண்ட விஷயத்திலிருந்து பின்வாங்கினால் ரிசைல். சாட்சி சொன்னவர் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்றால் அதுவும் ரிசைல். நம்ம பாஷையில், பல்டி! ஆமாம்... உங்களுக்கு இது எங்கே கிடைத்தது?"

எழுத்துக் கூட்டுவதுபோல மெல்லப் படித்தார்.

"வீ ரிக்ரெட் தட் வீ ஹேவ் டு ரிசைல் ஃப்ரம் திஸ் அலையன்ஸ்..."

இந்தச் சம்பந்தத்திலிருந்து பின்வாங்குகிறோம் என்று சம்பந்தி அனுப்பிய மெயில். சம்பந்தி ஆகவிருந்தவர் என்று சொல்லவேண்டும். சென்னையில் வக்கீல். அவர் மகன் பிரசன்னாவுக்கும் சந்தானத்தின் மகள் ஹேமாவுக்கும் நிச்சயதார்த்தம் நடந்து, மண்டபமும் பிடித்தாகிவிட்டது.

இவ்வளவு நேரம் அந்த மனிதருக்கு நான் லத்தீன் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்!

மத்தியானமே நானும் மனைவியும் காரில் கிளம்பிவிட்டோம். கதவைத் திறந்தது ஹேமாதான். அழுத முகமில்லை. கோபமும் தெரியவில்லை. களைப்பாக இருந்தாள்.

"வேலையை விடச் சொன்னது அவங்கதான் அங்கிள். கல்யாணமானா சென்னைதானேன்னு விட்டேன். என் சீட்டுக்கு வந்த ஃபிலிப்பினோ பொண்ணுக்கு நானே டிரெயினிங் குடுத்தேன். விசாவும் கேன்சல். கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

சந்தானம் வக்கீலுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்ததே தவிர, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஹேமா தன் மொபைலை எடுத்தாள். பிரசன்னா எடுத்துவிட்டான்.

"மெயில்ல 'வீ'ன்னு இருக்கு. அதுல நீங்களும் உண்டா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ...

"அப்பா யோசிச்சது இருக்கட்டும். நான் உங்களைக் கேட்கிறேன். உண்டா, இல்லையா?"

அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். "சரி" என்றாள். போனை வைத்துவிட்டு, எங்களுக்கு டீ போடப் போனாள். என் மனைவியும் பின்னாலேயே போனாள்.

அப்புறம் என்ன ஆயிற்று? பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய கம்பெனியில் இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஹேமாவை மறுபடி தன் ஸ்பான்ஸர்ஷிப் விசாவில் போட்டிருக்கிறார் சந்தானம். அவள் துபாய்க்கு இன்டர்வியூவுக்கு வந்து வந்து போகிறாள். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்தப் பேச்சை அவளும் எடுப்பதில்லை, நாங்களும் எடுப்பதில்லை.

சந்தானம்தான் பாவம். ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "கல்யாணம் இல்லைங்க" என்று சொல்லவேண்டியிருந்தது. எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி — "ஏன்?"

இன்றுவரை அவருக்கே தெரியாது. மெயிலில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. நிச்சயமான பின்பும் மனம் மாறலாம், மாறுகிறது. ஆனால், அதை வாயால் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தகப்பன் மூச்சுவிடுவது உங்கள் காதில் விழட்டும்.

அழுவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதரை அகராதி தேடவைப்பது... ரொம்பப் பாவம் சார்!