சுவரொட்டி எழுதியவர்

வெளிநாட்டில், மனுரேவா என்ற புறநகரின் சரக்குக் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த அந்த ரஷ்யருக்கு அறுபது வயதிருக்கும். நெடிய உருவம், நரைத்த மீசை. யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாள் தானே தேநீர் போட்டுக் கொடுப்பார்.

ஒரு மதியம் சாப்பாட்டு அறையில், பகுதிநேர வேலைக்குப் புதிதாக வந்திருந்த தமிழ் மாணவர்கள் சத்தமாகப் பேசுவதாக அவரிடம் அலுத்துக்கொண்டேன். “இவங்களுக்கெல்லாம் விசாவே குடுக்கக் கூடாது” என்றேன்.

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். “நாங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சோம். எங்க ஊர்ல ஒரு சின்னக் கட்சி. ‘வந்தவர்களே, வெளியேறுங்கள்’னு சுவரொட்டி எழுதினது நான்தான். முதல்ல ஆறு பேர். அப்புறம் ஊர்ச் சதுக்கமே நிறைஞ்சுது.”

“இப்போ அந்தக் கட்சி?”

“தலைவருங்க அடிச்சுக்கிட்டாங்க, கட்சி கலைஞ்சுது. அதுக்குள்ள எங்க தெருவுல, தெற்கேயிருந்து வந்து காய்கறி வித்தவரோட கடையை எரிச்சுட்டாங்க. கதவுல என் சுவரொட்டி. அவர்கிட்டதான் நான் தினமும் தக்காளி வாங்குவேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பக்கத்து மேசையிலிருந்து அந்த மாணவர்களில் ஒருவர் என்னிடம் தமிழில் சொன்னார்: “சாரிண்ணா. இனிமே மெதுவா பேசறோம்.”

தன் வெட்கக்கேட்டை அந்த ரஷ்யரால் என்னிடம் சொல்ல முடிந்தது. என்னால் அந்த மாணவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை.