முச்சந்தியில் உடைக்காத பரங்கிக்காய்

ரெட்டிபாளையத்தை விட்டு ஒரு மைல் நடந்திருப்பேன். தோளில் பரங்கிக்காய் இருந்தது. ஏழு கிலோ இருக்கும். அதன் தலையில் கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டம். ராத்திரி தூறியதில் ரோட்டோரத்துச் சிமெண்ட் தூசி சேறாகிச் செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. முச்சந்தியைத் தாண்டியபோது பின்னால் லாரி ஷெட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. காய் உடைக்கப் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மூன்று வருஷமாக அவர்களே சொல்லிக் கொடுத்ததுதான்.

அன்று ஆயுத பூஜை. அந்த ஷெட்டில் விடியும்போதே லாரிகளைக் கழுவிப் பொட்டு வைத்துவிடுவார்கள். பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி வண்டியை மூன்று சுற்று சுற்றுவது முதலாளி. அதை முச்சந்தியில் போட்டு உடைப்பது நான். வண்டி மேல் விழுந்த கண்ணெல்லாம் உடைத்தவன் மேல் இறங்கும் என்பதால் அன்று முழுக்க அவன் ஷெட்டுக்குள் வரக் கூடாது. அவனுக்குரிய பொங்கலும் சுண்டலும் காகிதத்தில் மடித்து கேட்டுக்கு வெளியே வரும். பதினொரு பேர் வேலை செய்த இடத்தில் மூன்று வருஷமும் அந்தக் காகிதம் எனக்குத்தான் வந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே விசாரித்திருந்தார்கள்.

இந்த வருஷம் காய் வாங்க அரியலூருக்குப் போனவர் டிரைவர். சந்தையில் வெள்ளைப் பூசணி தீர்ந்துபோய், குழம்புக்குப் போடுகிற பரங்கிக்காயை வாங்கி வந்துவிட்டார். முதலாளி முகத்தைச் சுளித்தார். நல்ல நேரம் போகிறதே என்று அதையே சுற்றி என் கையில் கொடுத்தார். காய் சூடாக இருந்தது. பழுத்து மஞ்சள் ஏறிய நல்ல காய்.

“ஒடச்சுட்டு அப்படியே போயிடு. நாளைக்கு வா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“இந்தத் தடவை டிரைவரண்ணன் ஒடைக்கட்டுங்களே” என்றேன்.

“எனக்குப் புள்ளகுட்டி இருக்குப்பா” என்றார் டிரைவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்குப் பிள்ளைகுட்டி இல்லைதான். அதற்காக வண்டி மேல் விழுந்த கண்ணெல்லாம் என் தலையில் இறங்கட்டும் என்று இருந்துவிட முடியவில்லை. காயைத் தோளில் ஏற்றினேன். முச்சந்தி வந்தது. தாண்டி நடந்தேன்.

வேலையை விடுவது எனக்குப் புதிதில்லை. ஏழாவதைப் பாதியில் விட்டதிலிருந்து விட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறை, குடகில் காப்பித் தோட்டம், திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டு. எதற்கும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் இந்த வேலை அக்கா வாங்கிக் கொடுத்தது. முதலாளி வீட்டுக்கே போய், “இவன் ஓட மாட்டானுங்க, நான் பொறுப்பு” என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். “இதையும் விட்டுட்டு வந்தீன்னா என் வாசலை மிதிக்காத.” அந்த வாசலைத் தவிர எனக்கு வேறு வாசல் கிடையாது.

அரியலூரில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் கறுப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டார்.

“என்னய்யா, சுத்துன காயா?”

“ஆமாங்க.”

“ஒடைக்காம எங்க கொண்டு போற?”

“சமைக்கப் போறேன்.”

விரல் படாமல் டிக்கெட்டை நீட்டினார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள். பண்டிகை நாள் கூட்டத்தில் மூன்று பேர் சீட்டில் நான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து போனேன். திருஷ்டியால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

அக்கா வீடு செட்டிகுளத்துக்குப் பக்கத்தில். போகிற வழியில் கோதுமை மாவும் வெல்லமும் ஒரு பாக்கெட் கடலை எண்ணெயும் வாங்கிக்கொண்டேன். அவள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

“லீவா?”

“இல்ல.”

என்னைப் பார்த்தாள். காயைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

“அதை இங்க எறக்காத. ஒன்னையுந்தான் வராதன்னு சொல்லியிருக்கேன்.”

சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். துவைக்கிற கல்லில் காயை இறக்கி, பையிலிருந்த கத்தியால் அறுத்தேன். உள்ளே சதை நல்ல சிவப்பு. மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பாக்கி, கோழிக்குத் தண்ணீர் வைக்கிற பழைய குண்டானைத் தேய்த்துக் கழுவித் துண்டுகளை வேகப் போட்டேன். குடகில் மழைக்காலத்துக் காலை வேளைகளில் தோட்டத்து லைன் வீட்டில் ஒரு கன்னடத்துக்காரி இந்த அடையைச் சுடுவாள். வெந்த காயை மசித்து வெல்லத்தைத் தட்டிப் போட்டு, அது பிடிக்கிற அளவுக்கு மட்டும் மாவு போட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, காயிலுள்ள ஈரமே போதும் என்பாள்.

தோசைக்கல் கேட்க வாய் வரவில்லை. எண்ணெய் டின் மூடியொன்றைத் தட்டி நிமிர்த்தி அடுப்பில் வைத்தேன். முதல் அடை ஒட்டிக்கொண்டு கரியாக வந்தது.

அக்கா பின்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “லாரிக்குச் சுத்துனதைத் தின்னா லாரி மாதிரியே ஓடிக்கிட்டு இருப்ப. இப்ப மட்டும் என்ன வாழுதாம்.”

இரண்டாவதும் கரிந்தது. அப்போது அவள் போன் அடித்தது. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். முதலாளி.

“ஒன் தம்பி காயைத் தூக்கிட்டு வந்துட்டான்மா. வண்டி அப்படியே நிக்குது. சுத்துன காய் உடையாம டிரைவர் எடுக்க மாட்டேங்குறான். அடுத்த பஸ்ஸுல கொண்டாந்து ஒடைக்கச் சொல்லு. வேலை இருக்கு, நான் ஒண்ணும் சொல்லல.”

அக்கா என்னைப் பார்த்தாள். போயேன்டா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. நான் மாவைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“வேற காய் வாங்கி வேற யாராச்சும் ஒடைக்கக் கூடாதுங்களா?” என்றாள்.

“வேற யாரும்மா ஒடைப்பா? ஒடைக்கிறவனுக்கு ஆவாதுல்ல. அதுக்குத்தானே அவன வெச்சிருக்கு.”

கோபமாகச் சொல்லவில்லை. பொறுமையாக, புரியாதவளுக்கு விளக்குவதுபோலத்தான் சொன்னார். அக்கா என் முன்னால் கரிந்து கிடந்த இரண்டு அடையையும் பார்த்தாள்.

“காயை அறுத்தாச்சுங்க. அடை வேகுது” என்று சொல்லி போனை வைத்தாள்.

உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். தோசைக்கல்லோடு வந்தாள். இன்னொரு கையில் தட்டிய சுக்கு.

“தள்ளு. தகரத்துல சுட்டா கரியத்தான் திம்ப.” அடுப்பிலிருந்து ஒரு கட்டையை இழுத்துத் தணலைக் குறைத்தாள். “வெல்லம் போட்டதுக்கு இவ்வளவு எரிப்பாங்களா?”

கையை நனைத்துக்கொண்டு மாவைத் தட்டினாள். விளிம்பு சிவந்ததும் திருப்பினாள். வெல்லமும் காயும் வறுபடுகிற வாசனை கொல்லை முழுக்க நின்றது.

“மூணு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே.”

“என்னத்தச் சொல்றது.”

முதல் நல்ல அடையை என் தட்டில் போட்டாள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருந்தது. நான் முழுதாகத் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அடுத்த அடையில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு மென்றாள்.

“உப்பு பத்தல” என்றாள். மூன்று தின்றாள்.

தட்டைக் கழுவும்போது, “அந்த ஷெட்டு இனி வேணாம்” என்றாள். “நாளைக்கு வெங்காயம் ஊன ஆள் பத்தல. வர்றியா?”

“அது பொம்பளைங்க வேலையாச்சே.”

“அடை சுடுறது மட்டும்?”

மறுநாள் விஜயதசமி. ஆறரைக்கு ஈரக் காட்டில் நின்றேன். வரிசையில் பன்னிரண்டு பெண்கள், நடுவில் நான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விதை வெங்காயக் கூடையை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தடுமாறியதைப் பார்த்து ஒரு அத்தை, “மருமவனுக்குச் சேலை ஒண்ணு கொண்டாந்திருக்கலாமே” என்றாள்.

“நாளைக்குக் கொண்டாங்க, கட்டிக்கிறேன்” என்றேன்.

பத்து மணிக்கு வரப்பில் அக்கா தூக்குவாளியைத் திறந்து மீதி அடையை எடுத்தாள். என்ன காய், எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொன்னாள். ஒருத்தி வேண்டாமென்று கையை இழுத்துக்கொண்டாள். மற்றவர்கள் பிய்த்துக்கொண்டார்கள். லாரி கிளம்பியதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி மண் அணைத்த பாரில் குனிந்தேன். நாலு விரல் இடைவெளி, வேர் கீழே, பாதி வெங்காயம் மண்ணுக்கு மேலே. என் வரிசை கோணலாகப் போகிறது என்று அக்கா சொன்னாள். பிடுங்கித் திரும்ப ஊன்றினேன்.