வாயில் இறுகிய அச்சு

அன்று காலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அந்த அக்கா நாற்காலியில் சாய்ந்தார். மேல்வரிசை முன்பற்களுக்குப் புது பிரிட்ஜ், அதாவது கழற்றாத பொய்ப்பல் வரிசை, கட்டுவதற்காக முதல் அச்சு எடுக்க வேண்டியிருந்தது.
2. நான் அச்சு எடுக்கும் இரண்டு நிற மாவையும் பிசைந்து, பிளாஸ்டிக் டிரேயில் நிரப்பி, டாக்டரிடம் கொடுத்தேன்.
3. டாக்டர் அதை மேல்வரிசையில் வைத்து அழுத்தினார். உள்ளே ஏதோ உடைந்ததுபோல் மெல்லிய சத்தம் கேட்டது.
4. மாவு ரப்பராக இறுகியது.
5. டாக்டர் டிரேயை இழுத்தார். வரவில்லை.
6. மறுபடி இழுத்தார். டிரே கொஞ்சம் அசைந்தது. அதோடு சேர்ந்து அக்காவின் முன்வரிசை முழுவதும் அசைந்தது.
7. டாக்டர் கையை எடுத்துவிட்டு "ஐயோ" என்றார்.

ஏழாவதுதான் எனக்குப் பயம் தந்தது. எங்கள் டாக்டர் சீனப் பெண்மணி. தமிழில் அவருக்குத் தெரிந்தவை தொற, கடி, துப்பு என்ற மூன்று சொற்கள்தான் என்று நினைத்திருந்தேன். நோயாளியின் முன்னால் அவர் பதறி நான் பார்த்ததில்லை.

கோலசிலாங்கூர் டவுனில் கடைவரிசை மாடியில் எங்கள் கிளினிக். பல் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன், அதற்கென்றே படித்தவள். மாவு பிசைவது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, எச்சிலை உறிஞ்சுவது, எல்லாவற்றையும் நீராவிக் கலத்தில் சுத்தம் செய்வது என் வேலைகள். பல்லைத் தேய்ப்பதும் கட்டுவதும் டாக்டரின் வேலை. அதற்குச் சட்டமே இருக்கிறது.

அந்த அக்கா சுங்கை பெசார் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக் கென்டீனில் சமைப்பவர். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சில வருடங்களுக்கு முன் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, அக்காவின் மேல் முன்பற்கள் நான்கும் வேரோடு போய்விட்டன. முதலில் கழற்றி மாட்டும் பல்செட் போட்டிருந்தார். ஒருநாள் கென்டீன் வரிசையில் தள்ளிக்கொண்டு நின்ற பிள்ளைகளை அதட்டியபோது அது தெறித்து மீ கோரிங் நூடுல்ஸ் தட்டில் விழுந்துவிட்டது.

"அன்னைலேர்ந்து அந்தப் பிள்ளைங்க என்னைப் பாத்தா வாயைத்தான் பாக்குதுங்க மிஸ்ஸி," என்று முதல்முறை வந்தபோது சொன்னார். கிளினிக்கில் வேலை செய்யும் பெண்களை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "இனிமே கழட்டுற பல்லுன்னா எனக்குப் பல்லே வேணாம்."

அதற்குப் பிறகு 'ஒரு எடத்துல' நிலையான பல் வைத்துக்கொண்டாராம். எந்த இடம் என்று சொல்லவில்லை. அந்தப் பல்லும் இப்போது ஆடத் தொடங்கிவிட்டது. டாக்டர் போட்ட திட்டம் எளிமையானது: பழைய பல் இருக்கும்போதே மாதிரிக்கு ஒரு அச்சு எடுத்து, பிறகு அதை அகற்றிவிட்டு, இருபக்கக் கோரைப்பற்களையும் தாங்கலாக வைத்துப் புது பிரிட்ஜ் கட்டுவது. இரண்டில் ஒரு கோரைப்பல் போனாலும் பிரிட்ஜ் நிற்காது, கழற்றும் செட்தான் வழி என்று அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொல்லியிருந்தேன். அக்கா அப்போதே இரண்டு கோரைப்பற்களையும் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்போது டிரே அவர் வாயில் இறுகிக் கிடந்தது. பேச முடியவில்லை. ஃபோனை எடுத்துத் தட்டி என் முகத்துக்கு நேரே காட்டினார்: 'இழுக்காதீங்க'. டாக்டரிடம் சொன்னேன். இனி இழுப்பதில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். அதைச் சொன்னதும் அடுத்த செய்தி வந்தது: 'கோரப்பல்லு இருக்கா?'

டிரேக்குள் எதுவும் தெரியவில்லை. "இருக்குக்கா" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் சின்னச் சக்கரத்தால் டிரேயைக் கீறினார். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. நான் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கையால் அக்காவின் தாடையைப் பிடித்திருந்தேன். டிரே துண்டு துண்டாக வந்தது. பிறகு ரப்பரைக் கத்தியால் சீவினார். முன்பக்கம் சுலபமாக வந்துவிட்டது. அண்ணப் பக்கம்தான் வரவில்லை. அந்தப் பொய்ப்பற்களின் பின்னால் ஒரு குழிவு இருந்திருக்கிறது. அதை மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடி, ஈறு நிறத்தில் பூசியிருந்தார்கள். நாங்கள் அழுத்தியபோது அந்த மூடி உடைந்து, மாவு உள்ளே புகுந்து இறுகிவிட்டது. அந்தச் சத்தத்துக்குக் காரணம் புரிந்தது.

கடைசித் துண்டு ரப்பர் வந்தபோது பொய்ப்பல் கட்டை ஒருபக்கமாகத் தொங்கியது. டாக்டர் விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார்.

இடப்பக்கக் கோரைப்பல்லின் கழுத்தில் ஒரு கம்பி சுற்றியிருந்தது.

எக்ஸ்ரேயில் அது ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்திருந்தது. பிளாஸ்டிக் உடையாமலிருக்க உள்ளே வைத்த கம்பி என்று நினைத்திருந்தோம். அது பல்லையே சுற்றிக் கட்டிய கம்பி. வேலிக் கம்பியை முறுக்குவதுபோல் முறுக்கி, நுனியை மடக்கி விட்டிருந்தார்கள். அதற்கு மேல் ஈறு வளர்ந்து மூடிக்கொண்டது. நாங்கள் டிரேயை இழுத்த ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பி பல்லை இறுக்கியிருக்கிறது.

டாக்டர் கம்பியை வெட்டினார். கட்டை என் கையிலிருந்த கிண்ணத்தில் விழுந்தது. அதன் கீழே இருந்த ஈறு கறுத்து வீங்கியிருந்தது. முகக்கவசத்தையும் தாண்டி நாற்றம் வந்தது. டாக்டர் கோரைப்பல்லைக் கருவியால் தொட்டார். ஆடியது. ஆனால் நின்றது.

அக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு முதலில் கேட்டது, "இருக்கா?"

"இருக்குக்கா." இந்தமுறை பார்த்துவிட்டுச் சொன்னேன். "யாருக்கா இதைச் செஞ்சது?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"என் நாத்தனாருதான். ரவாங்குல ஒரு பல்லு கிளினிக்குல ஒங்கள மாதிரியே மிஸ்ஸியா இருந்தவ. இப்ப வீட்டுலயே செய்றா. மொகத்துக்கு பேசியல், பல்லுக்கு பல்லு."

ஒங்கள மாதிரியே. அந்தப் பெண்ணுக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மாவின் அளவு தெரியும், எது எவ்வளவு நேரத்தில் இறுகும் என்று தெரியும், டாக்டரின் கை எந்த நேரத்தில் எதைக் கேட்கும் என்று தெரியும். ஈறுக்குள் என்ன நடக்கும் என்பது தெரியாது. பசையும் பொய்ப்பல்லும் ஃபோனில் ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன.

"கம்பி கட்டுனப்ப வலிக்கலையா?"

"வலிச்சுச்சு. 'புடிப்பு வேணும் அண்ணி, பொறுத்துக்கோ'ன்னா. நானும் பொறுத்துக்கிட்டேன்."

டாக்டர் ஈறில் மருந்து வைத்துத் துணியைக் கடிக்கச் சொன்னார். வெளியே காத்திருந்த கணவரை உள்ளே கூப்பிட்டேன். அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"இது என் தங்கச்சி செஞ்சதாச்சே. நல்லாத்தானே இருந்துச்சு? இத்தன வருசம் தாங்குச்சே."

டாக்டர் மலாயில் விளக்கினார். கம்பி, சீழ், இறந்துபோயிருக்கக்கூடிய நரம்பு, ஈறு ஆறும்வரை காத்திருப்பது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் கை கழுவத் திரும்பியதும் என் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ்ஸி, நீங்க வெளிய செய்வீங்களா?"

"எதை அண்ணே?"

"பல்லு லா. வீட்டுக்கு வந்து. டாக்டர் சொல்றதப் பாத்தா ரொம்ப நாளாவும் போல. என் தங்கச்சி அவசரக்காரி. நீங்க நிதானமா செய்றீங்க, நான் கண்ணாடி வழியா பாத்தேன்."

கம்பி கிடந்த கிண்ணம் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"அண்ணே, நான் மாவு பிசையிறவ. பல்லு கட்டுறவ இல்ல."

"பிசையத் தெரிஞ்சா கட்டத் தெரியாதா? சும்மா சொல்லாதீங்க மிஸ்ஸி."

நாற்காலியிலிருந்து அக்கா துணியைக் கடித்தபடியே பேசினார். "யோவ். வாயில துணி இருக்கேன்னு பாக்குறேன். நீ வீட்டுக்கு வா."

கணவர் என்ன கேட்டார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர் ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அக்காவின் கணவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் குடியிருப்பான தாமானிலும் இப்படிக் கேட்டவர்கள் உண்டு. "நீயே ஒன்னு வச்சி விடேன், எதுக்கு கிளினிக்" என்று சித்தி கேட்டிருக்கிறார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால் சிரிப்பு வருவதில்லை. அந்தக் கோரைப்பல்லின் கழுத்தைச் சுற்றிப் பதிந்திருந்த பள்ளம்தான் கண்ணில் தெரிகிறது.

இன்றைய நிலவரம் இது. ஈறு ஆறிவிட்டது. கோரைப்பல்லின் நரம்பு செத்திருந்தது, டாக்டர் வேரைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டார். பல் முன்பைவிட உறுதியாக நிற்கிறது. போன வாரம் பிரிட்ஜுக்கான அச்சை எடுத்தோம். ஒரே இழுப்பில் வந்தது. கோரைப்பல்லின் விளிம்பு சுற்றிலும் தெளிவாகப் பதிந்திருந்தது. அந்தப் பல் பிரிட்ஜின் பாரத்தைத் தாங்குமா என்று அக்கா கேட்டதற்கு டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா தற்காலிகப் பல்லோடு கென்டீனுக்குப் போய்வருகிறார். நாத்தனார் மீது புகார் கொடுக்கலாம் என்று டாக்டர் வழி சொன்னார். அக்கா இதுவரை கொடுக்கவில்லை. நாத்தனார் இன்னும் வீட்டில் பல் கட்டுகிறார். அச்சு கிள்ளானில் உள்ள லேப்புக்குப் போயிருக்கிறது. பிரிட்ஜ் இன்னும் வரவில்லை.