வலியோடு வாங்க

அந்த வைத்திய அறையில் அன்று நான், அம்மா, ஆஸ்டியோபதி பார்க்கும் அக்கா என மூன்று பேர்தான் இருந்தோம். அப்பா வரவில்லை. "எலும்பு உடையாத ஆளுக்கு எலும்பு வைத்தியம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'ஆஸ்டியோ' என்றால் எலும்பு என்பதால், பெயரைக் கேட்டதும் நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால், எங்கே என்ன வைத்தியம் என்று விசாரிப்பது என் வேலை. விசாரித்ததில் தெரிந்தது: கட்டுப் போடுவதில்லை, ஊசி இல்லை. முதுகும் மூட்டும் தசையும் எப்படி அசைகின்றன என்று கையால் தொட்டுப் பார்த்து, இறுகிய இடத்தைக் கையாலேயே தளர்த்துகிறார்கள்.

அம்மாவுக்கு இடுப்பு வலி. சம்பா நடவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. எட்டுப் பெண்கள் சேர்ந்த நடவு செட்டில் அம்மா ஒரு ஆள். இந்த வருஷம் இறங்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்பில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலி மட்டும் போகவில்லை. அதனால்தான் திருவிடைமருதூரில் டவுன் பஸ் ஏறிக் கும்பகோணம் போனோம்.

அந்த அக்கா, கணவரோடு வளைகுடா நாட்டில் இருந்தபோது இதைப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். முதலில் அரை மணி நேரம் கேள்விதான். கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா. "இதுல ஒண்ணு இருந்தாலும் நான் தொட மாட்டேன், நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்" என்றார். அம்மாவுக்கு எதுவும் இல்லை.

பிறகு முதுகை அழுத்தினார். "இங்க வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க டாக்டரம்மா."

குனியச் சொன்னதும் அம்மா தரையைத் தொட்டுக் காட்டினாள். அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

"காலையில ஏதும் வலி மாத்திரை போட்டீங்களா?"

"ரெண்டு போட்டேன். டாக்டரம்மாவப் பாக்கப் போறோம், முனகிக்கிட்டா நிக்கிறது? தலைக்குக் குளிச்சி, மாத்திரையும் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

அக்கா சிரித்துவிட்டார். "வலிய வீட்லயே ஒளிச்சி வச்சிட்டு வந்துட்டீங்க. நான் எதத் தேடுறது? நாளான்னிக்கு வலி மாத்திரை போடாம வலியோட வாங்க. சுகர், பிரஷர் மாத்திரை இருந்தா அத நிறுத்தாதீங்க. இன்னிக்குக் காசு வேணாம்."

இரண்டு நாள் கழித்து, பஸ் கம்பியைப் பிடித்து முனகியபடியே அம்மா வந்தாள். "நாத்து நடுற மாதிரி செஞ்சி காட்டுங்க" என்றார் அக்கா. அம்மா புடவையை ஏற்றிச் செருகி, இல்லாத நாற்றை இடது கையில் பிடித்து, டைல்ஸ் தரையில் நட்டபடி பின்னால் நகர்ந்தாள். மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள். வலது இடுப்பு மூட்டு சரியாக மடங்கவில்லை. அதனால் முதுகில் ஒரே இடம் எல்லாச் சுமையையும் வாங்குகிறது என்று அக்கா காட்டினார். காலை மெல்லத் திருப்பி, அழுத்தி, காத்திருந்து, மறுபடி திருப்பினார்.

முடிந்ததும் அம்மாவுக்குச் சந்தேகம். "நெட்டி எடுக்கலையா? சத்தமே வரலையே!"

"சத்தம் கேக்கவா வந்தீங்க?"

மறுநாள் அம்மாவுக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. அப்படி இருக்கும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. அதன்பின் வாரம் ஒரு முறை போனோம். வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி. வயலில் அரை மணிக்கு ஒரு தடவை நிமிர வேண்டும். வலி முழுக்கப் போகவில்லை. "பாதிக்கு மேல போயிடுச்சி" என்றாள் அம்மா.

நடவன்று வரப்பில் நின்று பார்த்தேன். அம்மா நிமிரும்போதெல்லாம், "ராணி எழுந்துட்டாங்கடி, எல்லாரும் கும்பிடுங்க!" என்று செட்டே கத்தியது. அம்மா ஒரு பாத்திகூடப் பின்தங்கவில்லை.

சாயங்காலம் சேறு காயாத காலோடு வந்து உட்கார்ந்தவளை அப்பா ஒரு முறை பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த எலும்பு வைத்தியத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சி?" என்றார்.

நான்கு தடவைக்கு ஐந்நூறு வீதம் இரண்டாயிரம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அதனால் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை. ஐந்து தடவை போய்வர என் டிக்கெட் நூற்றைம்பது.

"ரெண்டாயிரத்து நூத்தம்பது ரூபாப்பா."