கண்ணைத் திறக்காத இருபது நிமிடம்

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்தான்.

நான் பிறவியிலேயே முன்கோபி. அலுவலகத்தில் மனு கொடுக்க வந்த ஒரு பெரியவரிடம் எரிந்து விழுந்துவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. அப்புறம்தான் கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும் தியான வகுப்பில் சேர்ந்தேன். மூச்சைக் கவனியுங்கள், சத்தம் கேட்டால் கேட்கட்டும், அதன் பின்னால் போகாதீர்கள் என்பார் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு அது வேதவாக்கு. வீட்டிலும் தினம் இருபது நிமிடம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். அப்போது என்னைக் கூப்பிடக் கூடாது என்று என் கணவருக்கு உத்தரவு.

அவருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை அளவு இறங்கி மயக்கம் வந்துவிடும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்த மனிதர் தன் தட்டில் தானே ஒரு இட்லி எடுத்து வைத்துக்கொண்டதில்லை. வழக்கமாக அவருக்கு வைத்துவிட்டுத்தான் நான் தியானத்துக்குப் போவேன். ஞாயிறு என்பதால் எல்லாம் முன்னே பின்னே ஆகிவிட்டது. இட்லிப்பானையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவரோ எனக்குத் தெரியாமல் அதற்கு முன்பே ஊசியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பானைக்குப் பக்கத்திலேயே எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

டம்ளர் உருண்ட சத்தம் கேட்டது. நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு முனகல். எதன் பின்னாலும் நான் போகவில்லை. கண்ணைத் திறக்கவில்லையே என்று உள்ளுக்குள் பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்து வாசல் கம்பிக்கதவு படபடவென்று அதிர்ந்தது. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண் "யக்கா, யக்கா" என்று கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேராக வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஒரு இருவது நிமிஷம் மனுஷிய நிம்மதியா உக்கார உடமாட்டியா நீ?"

"அப்பறமா திட்டுக்கா. ஐயா கீழ உழுந்து கெடக்குறாரு, சன்னல்ல பாத்துட்டுதான் கத்துறேன். சக்கர டப்பா எங்க?"

என்னைத் தள்ளிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். அவர் தரையில் கிடந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது, பேச்சு குழறியது. அவர் திருட்டுத்தனமாகத் தின்றுவிடுவார் என்று சர்க்கரை டப்பாவை மேல் தட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நான்தான். நாலு பாத்திரத்தைத் தள்ளிய பிறகே அது கிடைத்தது. தன் அம்மாவுக்கும் இதே வியாதி என்பதால் மீன்காரப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவரை நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்துக்கு உயிர் வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் தாமதித்திருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

கட்டிலில் கிடந்தவரிடம், "ஒரு இட்லிய எடுத்து வாயில போட்டுக்கக் கூடாதா?" என்று சீறினேன்.

"நீதான கூப்புடக் கூடாதுன்ன" என்றார்.

நான் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்த உத்தரவைப் போட்டவள் நான்தானே.

அடுத்த வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். சொல்லிக்கொடுப்பவர் சிரித்துக்கொண்டே, "இதுவும் ஒரு அனுபவம்தாம்மா, இதையும் கவனிங்க" என்றார். "என் தாலிக்கு வந்தது உங்களுக்கு அனுபவமா?" என்று கேட்டுவிட்டு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை. மீன்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "திட்டுனா திட்டிட்டுப் போக்கா. சங்கரா மீனு இருக்கு, வேணுமா?" என்றாள்.

என் கோபம் குறையவில்லை. அவரும் இன்றுவரை தானாக இட்லி எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் அவர் ஊசி போட்டதும், கைபேசியைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். "என்னா மொறைக்கிற?" என்பார். அவர் கடைசி வாயை விழுங்கும்வரை என் கவனம் வேறெங்கும் போவதில்லை. தியானம் என்று நான் இப்போது செய்வது அது ஒன்றைத்தான்.