ஓடச் சொன்னது நான்தான்

மன்னார்குடிப் பக்கம் அறுவடைக் காலத்தில் ரோடெல்லாம் நெல் காயும்; ஓட இடமிருக்காது. வீட்டுக்குள் ட்ரெட்மில்லில் ஓடுகிறவர்களுக்காக ஒரு ஆப் செய்தேன். ஷூவில் மாட்டும் சின்னக் கருவி தூரத்தைக் கணக்கிடும். காலை ஏழு மணிக்குள் ஓடாவிட்டால் ஆப் கேலி செய்யும். கேலியெல்லாம் என் சொந்தச் சரக்கு. எனக்கு உருப்படியாக வரும் வேலை அது ஒன்றுதான். நானோ பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை.

உரக்கடை ராஜேந்திரன் சார்தான் நூறு நாள் விடாமல் ஓடிய முதல் ஆள். விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாமென்று, சொல்லாமல் கொள்ளாமல் பொன்னாடையோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

கட்டிலில் படுத்திருந்தார். வலது காலில் பெரிய கட்டு. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம். ஷூ கடித்த புண் வலிக்கவே இல்லையாம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"புண்ணப் பாத்துட்டு, ஓடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன் தம்பி," என்றார் அவர் மனைவி. "போன எடுத்து நீட்டுறாரு. 'என்ன சார், மெத்தை விடமாட்டேங்குதா?'ன்னு வந்துருக்கு."

எழுதிவிட்டு நானே சிரித்த வரி அது.

"தம்பிய ஏன் குத்தம் சொல்ற? தொண்ணூறு தாண்டுனப்புறம் எனக்குத்தான் விட மனசு வரல," என்றார் அவர். "பொன்னாடையப் போடுங்க தம்பி. காலு மட்டும் படத்துல வேணாம்."

அந்த அம்மா பொன்னாடையை வாங்கி, அவர் காலை மூடினார். நான் படம் எடுக்கவில்லை.

கேலிகளை அழித்துவிட்டேன். இப்போது ஆப், "கால் நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓடச் சொல்லும். தினமும் காலையில் அவரிடமிருந்து 'இல்லை' என்று பதில் வருகிறது. அதிலும் அவர் ஒருநாள்கூட விட்டதில்லை.