வெந்துச்சா?

என் அக்காவுக்குச் சமையல் என்றாலே வேப்பங்காய். கல்யாணமான புதிதிலேயே மாமாதான் அடுப்படியில் நிற்பார். இவள் நாலு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, மலையைப் புரட்டியவள் மாதிரி உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் மாமாவோடு லாரியில் போய்ச் சமைக்கப்போகிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

மாமா சரக்கு லாரி ஓட்டுநர். சர்க்கரை முற்றிப்போய், வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடுதான் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லாரிக் கம்பெனி மேனேஜரும் போனால் போகிறதென்று அக்காவை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். பன்னிரண்டு வோல்ட் அடுப்பு ஒன்று வாங்கினார்கள். சின்னப் பெட்டிதான். சிகரெட் லைட்டர் செருகும் துளையில் வயரை மாட்டினால் சூடாகும். வண்டியை நிறுத்திவிட்டுச் சமைத்தால் பேட்டரி படுத்துவிடும், அதனால் ஓடும்போதுதான் சமையல். மகா மந்தம். ஊறவைத்த அரிசிகூட ரெண்டு ஊர் தாண்டித்தான் வேகும். "புதுப் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறாருப்பா" என்று ஷெட்டில் கேலி பேசினார்கள்.

சமையல் வெறும் சாக்கு. சர்க்கரை மாமாவின் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. இடது கண் போயே போய்விட்டது, வலது கண்ணில் பாதி புகைமூட்டம். இடப்பக்கம் சைக்கிள், முன்னால் சிவப்பு, அங்கே பள்ளம் என்று அக்கா சொல்லச் சொல்ல இவர் ஓட்டினார்.

"உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? யாரையாவது ஏத்திக் கொன்னுடப் போறீங்கக்கா" என்று கத்தினேன்.

"பொண்ணு படிப்பு முடியட்டும்டி. அன்னைக்கே இறங்கிடுறோம்."

சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்.

பிறகு கம்பெனி எல்லா வண்டிக்குள்ளும் கேமரா வைத்தது. பேச்சும் பதிவாகுமாம். இவள் வழி சொன்னால் குட்டு உடைந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஒரு சமையல் பாஷை கண்டுபிடித்தன. "வெந்துச்சா?" என்று மாமா கேட்டால், முன்னால் ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். "வெந்துருச்சு" என்றால் நிறுத்த வேண்டும். "இன்னும் வேகல" என்றால் பாதை காலி, போகலாம். இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு ஒரே பெருமை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று காலை மாமாவுக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியிருக்கிறது. பசிக்குது, பசிக்குது என்று அரற்றியிருக்கிறார். அக்கா பெட்டியைத் திறந்து, குனிந்து, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள்.

"வெந்துச்சா?" என்றார் மாமா.

சோற்றைத்தான் கேட்கிறார் என்று இவள் நினைத்துவிட்டாள். "இன்னும் வேகல" என்றாள்.

மாமா வேகத்தைக் குறைக்கவில்லை. சாலையைக் கடந்தவள் ஒரு தையல்காரி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

காவல் நிலையத்தில் மாமாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நானும் அக்காவோடு போயிருந்தேன். தையல்காரியின் புருஷனும் வந்திருந்தான். பதிவைப் போட்டுக் காட்டினார்கள். வெந்துச்சா, இன்னும் வேகல, அப்புறம் அந்தச் சத்தம். இன்ஸ்பெக்டர், "சாப்பாட்டுப் பேச்சுல கவனம் போயிருக்கு. கவனக்குறைவு கேஸ்தான்" என்றார். "சின்னதா முடிஞ்சிரும்" என்று எங்கள் வக்கீல் என் காதில் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த ஆள் அக்காவைப் பார்த்தான். "ஒரு வாய் சோத்துக்காம்மா என் பொண்டாட்டி செத்தா?"

அக்கா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள்.

"சோத்துக்கு இல்லீங்க. அவர் கேட்டது ரோட்ட. அவருக்குக் கண்ணு தெரியாது. நான்தான் பக்கத்துல உக்காந்து ஓட்ட வெச்சேன்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாமா அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. அந்த ஆளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.